பேர் பழசு, இலை புதுசு: சுங்கான் புகையிலைக்கு நடந்தது என்ன?

மட்டக்களப்பின் பழைய வீடுகளில் ஊசி, பொத்தான், நூல்கட்டை போட்டு வைக்கும் தகரப்பேணிகளைத் திருப்பிப் பார்த்தால், சிலவற்றின் மூடியில் எழுத்து இன்னும் மங்கலாகத் தெரியும். கப்ஸ்டன், எரின்மோர், த்ரீ நன்ஸ். எல்லாம் சுங்கானில், அதாவது பைப்பில், போடும் புகையிலையின் பேர்கள். சுங்கான் என்பது வெள்ளைக்காரத் துரைமாரோடும் அவர்களைப் பார்த்துப் பழகிய உத்தியோகத்தரோடும் வந்துசேர்ந்த பழக்கம். அந்தக் கூட்டம் எப்போதுமே சின்னதுதான், இப்போது இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்துப் பேர்களில் சில வெளிநாட்டில் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. அங்கே வாங்கிப் பிடித்துப் பார்த்த பழைய ஆட்கள் எல்லாருக்கும் ஒரே குறை: பழைய மாதிரி இல்லை.

வட்டைக்குள் வாடியில் குந்திக்கொண்டு சுருட்டுப் பிடிக்கும் கிழவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "இப்ப வாற சுருட்டில காரமே இல்ல மனே." வயது போனவர்கள் எதைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். சுங்கான் புகையிலை விஷயத்தில் அப்படித் தள்ள முடியாது. அந்தக் குறையில் பாதி அப்பட்டமான உண்மை, ஆதாரத்தோடு காட்டலாம். மற்றப் பாதிக்குக் காரணம் மூடிய பேணிக்குள் இலை செய்யும் வேலை. இரண்டும் கலந்துபோனதால்தான் இந்த வாக்குவாதம் முடிவில்லாமல் நடக்கிறது.

முதலில் இலையைப் பார்ப்போம். சுங்கானில் போடுவது பெரும்பாலும் பல இலைகளின் கலவை. அடித்தளம் வர்ஜீனியா. கொட்டிலுக்குள் சூட்டைக் குழாய் வழியாக ஓடவிட்டு வாட்டுவதால் இலையில் உள்ள சீனி அழியாமல் தங்கிவிடும். அதனால்தான் அந்த மஞ்சள் நிறமும் இனிப்பும். அவசரப்பட்டு இழுத்தால் நாக்கைச் சுடும். இந்த வகைப் பக்குவத்தின் தொடக்கம் 1839இல் வட கரோலினாவில் ஸ்லேட் குடும்பத்துப் பண்ணையில் என்று சொல்வார்கள். அங்கே அடிமையாக இருந்த ஸ்டீபன் என்பவர், அணையப்போன நெருப்பைக் கரி போட்டு மூட்டியபோது இலை மஞ்சளாகப் பழுத்ததாம். பர்லி இலை காற்றில் உலர்வது. அதில் சீனி கிட்டத்தட்ட இல்லை. எதை ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும். கிரேக்கம், துருக்கிப் பக்கத்து ஓரியண்டல் இலை சின்னது, வெயிலில் காய்வது, வாசம் கூடியது.

பிரிட்டிஷ்காரருக்குச் சுங்கான் என்றால் வர்ஜீனியாவும், புகை ஏற்றிய லட்டாக்கியா இலையும். அமெரிக்கருக்குப் பர்லி. 1949இல் கல்லோயா அணையைக் கட்ட இங்கினியாகலைக்கு வந்த மொரிசன்-நுட்சன் கம்பனிக்காரரின் நாட்டில் சாதாரண மனிதனின் பேணி பிரின்ஸ் அல்பர்ட். அது 1907இல் வந்த பர்லிக் கலவை. ஆகவே "பழைய புகையிலை" என்று ஒருவர் ஏங்கும்போது எந்தப் பழையதை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

புகை ஏற்றிய இலை

யாழ்ப்பாணத்துப் புகையிலையைத் தெரிந்தவர்களுக்கு லட்டாக்கியாவை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. அங்கே இலையைத் தொங்கவிட்டுப் பொச்சுமட்டைப் புகை போடுவார்கள். அப்படிப் புகை குடித்த இலைதான் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரைக்கும் ஏற்றுமதியானது. சிரியாவின் லட்டாக்கியா துறைமுகத்தைச் சுற்றிய மலைகளிலும் இதே வேலை நடந்தது. வெயிலில் காய்ந்த இலையைக் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்டு, கீழே மலைக்காட்டு விறகைச் சுவாலை எழும்பாமல் புகையவிட்டு, வாரக்கணக்கில் ஏற்றுவார்கள். இலை கறுத்து, கருவாட்டுக் கொட்டில் மாதிரி மணக்கும். கலவையில் கொஞ்சம் சேர்த்தாலே போதும், மற்ற இலை எல்லாவற்றின் வாசத்தையும் அது மாற்றிவிடும்.

இப்படிப் புகை போட விறகு வேண்டும், விறகுக்குக் காட்டை வெட்டவேண்டும். காட்டைக் காப்பாற்றவேண்டும் என்று சிரியாவில் கட்டுப்பாடு வந்தபோது அங்கே உற்பத்தி சுருங்கி நின்றது. அந்த இடத்தைச் சைப்ரஸ் பிடித்துக்கொண்டது. இன்றைக்குப் பேணியில் லட்டாக்கியா என்று போட்டிருந்தால் அது சைப்ரஸ் வகை என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். இரண்டுக்கும் இலையே வேறு. சிரியாவில் ஷெக்-எல்-பின்ட் என்ற வகை, சைப்ரஸில் இஸ்மீர் வகை. எரிக்கும் மரங்களும் வேறு. சிரியா இலையில் திராட்சை மது போன்ற ஒரு புளிப்பு வாசம் இருக்கும். சைப்ரஸ் இலை இனிப்புக் கூடியது, தோல் பதனிட்ட வாசம் அடிக்கும். சிரியா இலையை நம்பிச் செய்த கலவைகளை இன்று யார் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தாலும் பழைய சுவை வராது. கலப்பவரின் கையில் குறையில்லை. சரக்கு இல்லை.

ஓரியண்டல் இலைக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் அதை ஊர்ப் பேர் சொல்லி வாங்கினார்கள்: யெனிஜே, சாந்தி, சம்சுன், ஸ்மிர்னா. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைக் கட்டாயமாகப் பரிமாறிக்கொண்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் புகையிலை செய்த குடும்பங்களும் அதில் போயின. இடம்பெயர்ந்து போன இடத்தில் அதே மண் கிடைக்காது என்பதைக் கிழக்கு மாகாணத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இன்றும் நல்ல ஓரியண்டல் இலை வருகிறது. ஆனால் பல பேணிகளில் "ஓரியண்டல்" என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். எந்த மலை, எந்தச் சரிவு என்பது இல்லை.

லூசியானாவின் பீப்பாய்

பெரிக் இலை லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில், செயின்ட் ஜேம்ஸ் என்ற ஒரு சின்னப் பகுதியில் மட்டும் செய்வது. அந்த இடத்துக்கும் மட்டக்களப்புக்கும் ஒரு சுற்றுவழித் தொடர்பு இருக்கிறது. 1940களின் பிற்பகுதியிலிருந்து புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். வெபர் மைதானம் யாருடைய பேரில் இருக்கிறதோ அந்த அருட்தந்தை ஹரல்ட் வெபரும் அவர்களில் ஒருவர். அதே சபை 1931இல் தொடங்கிய மன்ரேசா தியான இல்லம் இருக்கும் கொன்வென்ட் என்ற ஊர் செயின்ட் ஜேம்ஸ் பகுதிக்குள்தான் இருக்கிறது. அவர்கள் புகையிலை கொண்டுவந்தார்கள் என்று சொல்லவரவில்லை. நமக்குக் கூடைப்பந்து பழக்கியவர்களின் ஊர்ப் பக்கம் என்று சொன்னால் இடம் மனதில் நிற்கும், அவ்வளவுதான்.

பெரிக் செய்வதைப் பார்த்தால் அது ஏன் அருகிப்போனது என்று தெரியும். இலையின் நடு நரம்பை உரித்து எடுத்து, கைப்பிடி கைப்பிடியாக முறுக்கி, விஸ்கி வைத்திருந்த ஓக் பீப்பாய்க்குள் நெருக்கி அடுக்குவார்கள். மேலே பலகை வைத்து, லொறி தூக்குவது போன்ற திருகு ஜக்கால் அழுத்துவார்கள். இலை தன் சாற்றிலேயே ஊறிப் புளிக்கும். சில மாதம் கழித்து முழுவதையும் வெளியே எடுத்து, உதறி, காற்றுப் படவிட்டு, திரும்ப உள்ளே அடுக்கி, திரும்ப அழுத்துவார்கள். அப்புறம் இன்னொரு தடவை. ஒரு வருடமாவது போகும். வெளியே வரும் இலை கன்னங்கறுப்பு. மூக்கில் காய்ந்த பிளம்ஸும் வினாகிரியும் மணக்கும், புகையில் மிளகுக் காரம். வர்ஜீனியாவோடு நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்த்தாலே வித்தியாசம் தெரியும்.

1990களின் கடைசியில் இந்தத் தொழில் கிட்டத்தட்ட ஒரு குடும்பத்தின் கையில்தான் மிஞ்சியிருந்தது. அதைத் தூக்கிவிட்டது சுங்கான்காரர் இல்லை, சிகரெட் கம்பனி ஒன்று. சான்டா ஃபே நிறுவனம் தன் சிகரெட்டுக்குப் பெரிக் வாங்கத் தொடங்கியதும் விவசாயிகள் மறுபடி பயிர் வைத்தார்கள். பெரிக் விஷயத்தில், பழையதை விட இன்றைக்கு நிலைமை நல்லது என்றே சொல்லலாம். ஆனால் பெரிக்கால் பேர் பெற்ற த்ரீ நன்ஸ் கதை தலைகீழ். கிளாஸ்கோவின் பெல் கம்பனி செய்த அந்தப் புகையிலை, வர்ஜீனியாவையும் பெரிக்கையும் கயிறாகத் திரித்துச் சின்னச் சின்ன வில்லையாக அறுத்தது. பிறகு வந்தவர்கள் பெரிக்கை எடுத்துவிட்டு, நெருப்பில் வாட்டிய கென்டக்கி இலையைப் போட்டார்கள். பேணியில் பேர் அதே, கன்னியாஸ்திரிகள் மூவரும் அதே.

கை மாறிய பேர்கள்

இலை ஒரு பக்கம் இருக்கட்டும், யார் செய்தது என்று பார்த்தால் இன்னும் குழப்பம். டன்ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் லண்டன் டியூக் ஸ்ட்ரீட்டில் கடை திறந்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கலவை கலந்து கொடுத்து, அந்தக் கலவையின் இலக்கத்தைப் புத்தகத்தில் எழுதி வைத்த கடை அது. மை மிக்ஸ்சர் 965 என்ற பேர் அந்த வழக்கத்தில் வந்தது. 1980களின் தொடக்கத்தில் செய்கை வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் உள்ள மரே கம்பனிக்குப் போனது. 2005இல் மரே மூடியதும் டென்மார்க்குக்குப் போனது. அதன்பிறகு டன்ஹில் என்ற பேரே சுங்கான் புகையிலையிலிருந்து எடுக்கப்பட்டது. ஏர்லி மோர்னிங் பைப், நைட்கப் எல்லாம் இப்போது பீட்டர்சன் என்ற பேரில் வருகின்றன. பேணி மாறினாலும் உள்ளே இருப்பது டென்மார்க்கில் செய்துவந்த அதே சரக்குத்தான் என்கிறார்கள். ஒருவர் "பழைய டன்ஹில்" என்று சொன்னால் லண்டனா, பெல்ஃபாஸ்டா, டென்மார்க்கா என்று கேட்காமல் பேச்சைத் தொடர்வதில் பிரயோசனமில்லை.

லண்டனில் செய்த பல்கன் சொப்ரானி என்ற லட்டாக்கியாக் கலவை ஒரு கட்டத்தில் அடியோடு நின்றுபோய், 2011இல் ஜெர்சித் தீவின் ஜெர்மெய்ன் (Germain) என்ற கம்பனியின் கையால் மறுபடி வந்தது. கப்ஸ்டன் பிரிஸ்டலில் வில்ஸ் கம்பனி செய்தது. நம்மில் பலருக்கு அந்தப் பேரைக் கேட்டால் சிகரெட் பெட்டிதான் ஞாபகம் வரும். பிறகு அதையும் த்ரீ நன்ஸையும் செய்துவந்தது டென்மார்க்கின் மக் பாரன். எரின்மோர் மரேயோடு சேர்ந்து டென்மார்க் போனது. 2024இல் ஸ்கண்டிநேவியன் டொபாக்கோ குரூப் மக் பாரனையே வாங்கிவிட்டது. ஒரு காலத்தில் லண்டன், கிளாஸ்கோ, பெல்ஃபாஸ்ட், பிரிஸ்டல் என்று தனித்தனி ஆட்களும் தனித்தனி இயந்திரங்களும் செய்தவை கடைசியில் ஒரே வாசலுக்கு வந்துவிட்டன. ஒரே இலைக் கொள்வனவு, ஒரே வாட்டும் அறை, ஒரே அழுத்தும் இயந்திரம் என்றால், ரெசிப்பி வேறு வேறாக இருந்தாலும் சுவைகள் ஒன்றை ஒன்று நெருங்கத்தான் செய்யும்.

கலவை மாறியதற்கு இன்னொரு பெரிய காரணம் சிகரெட். உலகில் விளையும் புகையிலையில் சுங்கானுக்குப் போவது மிகச் சிறிய பங்கு. விவசாயி சிகரெட் கம்பனி கேட்பதைத்தான் பயிர் செய்வான். சுங்கான்காரர் அதில் மிஞ்சும் நல்ல இலையைத் தேடிப் பொறுக்கவேண்டும். அமெரிக்காவில் யார் எவ்வளவு புகையிலை பயிரிடலாம் என்று வரம்பு போட்ட பழைய கோட்டா முறை 2004இல் முடிந்தபோது சின்ன விவசாயிகள் பலர் புகையிலையை விட்டுவிட்டார்கள். கன்சாஸ் சிட்டியில் இருந்த மக்லெலண்ட் கம்பனி 2018இல் கதவை மூடியது. தங்களுக்குப் பிடித்த தரத்தில் இலை கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது. அவர்களுடைய சிவப்பு வர்ஜீனியாப் பேணியைத் திறந்தால் தக்காளி சோஸ் வாசம் குப்பென்று அடிக்கும் என்பார்கள். முதலில் முகம் சுளித்தவர்கள் எல்லாம் இன்று அதைத் தேடி அலைகிறார்கள்.

வாசனை போட்ட புகையிலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே புகையிலையில் வேறு பொருள் கலப்பதைச் சட்டம் இறுக்கிப் பிடித்திருந்தது. 1980கள் வரை அந்தப் பிடி பெரிதாகத் தளரவில்லை. அதனால் அங்கே இலையின் குணம்தான் முன்னுக்கு நின்றது. டென்மார்க்கும் ஒல்லாந்தும் அமெரிக்காவும் வனிலா, செரி, விஸ்கி என்று போனார்கள். அதில் தப்பில்லை, யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்காரரும் கோடா என்ற கரைசல் போட்டுத்தான் இலையைப் பக்குவப்படுத்தினார்கள், அந்தப் பக்குவத்தை வெளியில் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் இன்றைய மலிவுக் கலவைகளில் பல, சுவையில்லாத இலையை வாசனையால் மறைப்பவை. காயாமல் இருக்கப் புரொப்பிலீன் கிளைக்கோல் வேறு சேர்ப்பார்கள். அது கையில் பிசுபிசுக்கும், சுங்கானின் அடியில் தண்ணீர் கட்டும், திரும்பத் திரும்பப் பற்றவைக்க வேண்டும்.

மூடிய பேணிக்குள்

இனி மற்றப் பாதி. பழைய கலவைகளைப் புகழ்பவர்களில் பெரும்பாலானோர் இன்று பிடிப்பது 1970களில், 80களில் மூடிய பேணியை. ஏலத்தில் பெரிய விலை கொடுத்து வாங்கியது. பற்றவைத்ததும் கண் மூடிவிடும். "இதுதான் அந்தக் காலத்துச் சுவை" என்பார்கள்.

அந்தக் காலத்தில் யாரும் அப்படி ஒன்றைப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம். காற்றை இழுத்து மூடிய பேணிக்குள் வர்ஜீனியா சும்மா கிடப்பதில்லை. இலையின் சீனியும் புரதக் கூறுகளும் மெதுவாகச் சேர்ந்து வேறு பொருட்களாக மாறும். முதல் சில மாதங்களில் உள்ளே மிஞ்சிய காற்றில் ஒரு புளிப்பு நடக்கும், பிறகு காற்று முடிந்ததும் வேகம் குறைந்து வருடக்கணக்கில் தொடரும். மஞ்சள் இலை செம்பழுப்பாகி, பிறகு கறுக்கும். நாக்கைக் குத்தும் காரம் அடங்கும். உடையாமல் இருந்த பேணிக்கு ஐந்து வருடம் என்பது பெரிய வித்தியாசம், நாற்பது வருடம் என்றால் அது வேறு புகையிலை. லட்டாக்கியா எதிர்த்திசையில் போகும். அதன் புகை வாசம் வருடம் போகப் போக மங்கும். அதனால் பழைய சொப்ரானிப் பேணியைத் திறந்தவர் "எவ்வளவு மென்மையாக, இணக்கமாக இருக்கிறது" என்று சொன்னால், அந்த மென்மையில் ஒரு பங்கு லண்டன்காரரின் திறமை, ஒரு பங்கு நாற்பது வருடத்தின் வேலை. 1975இல் அதை வாங்கி அன்றைக்கே உடைத்தவர் இன்னும் முரட்டுத்தனமான ஒன்றைப் பிடித்திருப்பார்.

அப்போ பழையவர்களின் பேச்சு முழுவதும் மாயையா? இல்லை. அந்தக் காலத்துக் கம்பனிகள் இலையைக் கலக்குமுன்பே களஞ்சியத்தில் வருடக்கணக்கில் போட்டு வைத்தன. வங்கி வட்டியைக் கணக்குப் பார்க்கும் இன்றைய நிர்வாகிக்கு அது முடங்கிக் கிடக்கும் காசு. ஆக, முன்பு கம்பனி செய்த முதிர்ச்சியை இப்போது வாங்குபவர் தன் அலுமாரியில் செய்துகொள்ளவேண்டியிருக்கிறது. பலர் செய்கிறார்கள்: ஒரே கலவையில் நாலைந்து பேணி வாங்கி, ஒன்றை உடைத்துவிட்டு, மற்றதைத் திகதி போட்டு ஒளித்து வைக்கிறார்கள்.

நம்முடைய பக்கத்தில் இதைச் செய்வதென்றால் தனிச் சங்கடம். மாரியில் வாவிக்கரை வீடுகளில் உப்பே தண்ணீராகும், திறந்த புகையிலைக்கு ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் அதே புகையிலை சருகாகி, கையில் எடுத்தால் தூளாகும். காய்ந்ததை ஈரமாக்க உருளைக்கிழங்குத் துண்டு போடுவது பழைய கைவைத்தியம். அது ஈரத்தோடு பூஞ்சணத்தையும் கொண்டுவரும். இறுக்கி மூடிய தகரப்பேணிகள் வெப்ப நாடுகளுக்கு அனுப்புவதற்கு ஏன் அவ்வளவு உகந்ததாக இருந்தன என்பது இங்கே ஒரு வருடம் இருந்தால் விளங்கும். இன்றைய பிளாஸ்டிக் உறைகள் அந்த இடத்தில் அரைவாசி வேலை கூடச் செய்யாது.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடைகளில் சுங்கான் புகையிலை கண்ணில் படுவதில்லை. யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டியில் வந்தால் உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதையும் விளம்பரத்தையும் நிறுத்தியது. சிகரெட் பெட்டியின் 80 வீதத்தைப் படத்தோடு கூடிய எச்சரிக்கை மூடுகிறது. சுங்கான் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் பாதகமில்லை என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெற்றிலை வட்டாவில் புகையிலை வைத்துப் பழகிய நம்முடைய நாட்டில் வாய்ப் புற்றுநோய் ஆண்களுக்கு வரும் முக்கியமான புற்றுநோய்களில் ஒன்று என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

சரி, பழையதுக்குக் கிட்ட இன்று எது என்று கேட்டால், என் கணிப்பில் முதலிடம் கென்டல் ஊரின் சாமுவேல் கவித்துக்குத்தான். 1792இல் தொடங்கிய கம்பனி அது. இலையை வேகவைத்து, கட்டியாக அழுத்தி, தட்டையாக அறுக்கும் பழைய முறையை இன்னும் விடவில்லை. அதனால் ஃபுல் வர்ஜீனியா ஃபிளேக் பழைய ஆட்களுக்குப் புதிதாகத் தெரியாது. பீட்டர்சன் பேரில் வரும் ஏர்லி மோர்னிங் பைப், கடைசி டன்ஹில்லோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட அதே. லண்டன் டன்ஹில்லோடு ஒப்பிடுவது வீண் வேலை. எரின்மோரைத் திறந்தால் அன்னாசி வாசம் இன்னும் வருகிறது. ஜெர்மெய்ன் கம்பனி செய்யும் சொப்ரானி சைப்ரஸ் இலைக்குள் நின்று செய்யக்கூடிய நல்ல வேலை. த்ரீ நன்ஸை மட்டும் பேரைப் பார்த்து வாங்கக் கூடாது. அந்த மிளகுக் காரத்தைத் தேடுபவர், பெரிக் என்று பேணியில் வெளிப்படையாக எழுதியிருக்கும் வேறு ஒன்றைத்தான் பார்க்கவேண்டும்.